மாட்டை விற்றுவிட்டு வந்த பையன்

சுங்கை சிப்புட்

மாலா,

தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்குப் படத்துக்குக்கூட நான் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு முழங்கால் தேவலை. தவமணி டீச்சர் வந்தால் மட்டும் நொண்டுகிறார். உன் மாமியார் இப்போதாவது உன் சாம்பாரை ஒத்துக்கொண்டாரா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் டவுனில் பசியாறப் போனேன். பக்கத்து மேசையில் வங்காளதேசப் பையன்கள். ஒருவன் பேச்சில் வடக்கு வங்காளதேசத்துக் குரிகிராம் மாவட்ட வாடை. என் வாய் சும்மா இருக்குமா? "வீடு எங்கே தம்பி?" என்று அவன் பாஷையிலேயே கேட்டேன். ரொட்டியை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தான். பிரம்மபுத்திரா ஆற்றுக்கு நடுவில் ஒரு மணல்திட்டு, நான் வேலை பார்த்த இடத்துக்குப் பக்கம்.

அங்கே எங்கள் உதவி நிறுவனம் செய்தது உனக்கு மனப்பாடம். வெள்ளத்தில் வீடு முழுகாமலிருக்க மண்மேடு. நெல் அறுப்புக்கு முன்னால் வேலையும் சோறும் இல்லாத மொங்கா மாதங்களைத் தாண்ட ஒரு பசு. அவன் அம்மாவுக்கும் ஒரு நிறுவனம் பசு கொடுத்திருக்கிறது, எங்களுடையது அல்ல. பசு கன்று போட்டு, அதுவும் வளர்ந்து, அறிக்கையில் நாங்கள் எழுதுகிற மாதிரியே எல்லாம் நடந்திருக்கிறது. அப்புறம் இரண்டையும் விற்று ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு, இவன் இங்கே செம்பனைக் குலை வெட்ட வந்துவிட்டான்.

மாடு மட்டும் போதவில்லை. மலேசியா வர அவர்கள் அரசாங்கம் வைத்த கட்டணம் அவர்கள் பணத்தில் 78,990 டக்கா. இவன் கொடுத்தது ஐந்து லட்சம். மிச்சத்துக்குச் சிறுகடன், வட்டிக்கடன். 2024 மே 31-க்குள் வராவிட்டால் மலேசியாவில் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று ஏஜெண்ட் விரட்டியிருக்கிறான். அது பொய்யும் இல்லை; பணம் கட்டிய ஆயிரக்கணக்கானோர் வர முடியாமல் அங்கேயே நின்றுபோனார்கள். கணக்குப் போடு. இங்கே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். பச்சைத் தண்ணீர் குடித்துக் கிடந்தாலும் பத்து மாதச் சம்பளம் அந்த ஐந்து லட்சத்துக்கே போகும்.

அந்தப் பசு எங்கோ ஒரு அலுவலகத்தில் இன்னும் வெற்றிக் கணக்கில்தான் இருக்கும். அதைப் பொய் என்றும் சொல்ல மாட்டேன், விற்பதற்கு ஏதோ இருந்ததே. அவன் அனுப்பும் காசில் தங்கை பள்ளிக்கூடம் போகிறாள். வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்காளதேசத்துக்கு வருடத்துக்கு 2,000 கோடி டாலருக்கு மேல் அனுப்புகிறார்கள். வருகிற உதவிப் பணம் அதன் கிட்டேயே நிற்காது. இதை டாக்காவில் எத்தனை கூட்டத்தில் கேட்டிருப்பேன்! தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம்.

அம்மா கேட்டுவிட்டு, "உன் தாத்தாவும் கங்காணிகிட்ட முன்பணம் வாங்கித்தானே கப்பல் ஏறினாரு" என்றார். அதே தாத்தாதான், துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, 1960-ல் அமைச்சராக இருந்த நம் ஊர் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கினார். உன் அப்பா அந்தப் பத்திரத்துக்குச் சட்டம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாரே! ரப்பர் மரம் சீவியவர்கள் காசு சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள்; எந்த ஆலோசகரும் வந்து பயிலரங்கு நடத்தவில்லை. ஆனால் இங்கேயே இருந்துவிடலாம் என்ற நிலை தாத்தாவுக்கு இருந்தது. இந்தப் பையனின் பெர்மிட் முதலாளி பேரில். வேறு தோட்டத்துக்கு மாறினால் கள்ளக்குடியேறி. இவன் எந்தச் சங்கத்தில் பங்கு வாங்குவான்?

டாக்காவிலிருந்து மதிப்பீட்டு வேலை ஒன்று வந்திருக்கிறது. சம்பளம் நல்ல சம்பளம். ஊரை விட்டுப் போன பிள்ளைகளையும் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டேன். திட்ட எல்லைக்குள் வராதாம். நீ 'போடீ' என்றுதான் சொல்வாய். எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அதை விடு, இதுதான் அவசரம். அவன் பாஸ்போர்ட்டை முதலாளி பூட்டி வைத்திருக்கிறார். 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி அது குற்றம். ஆனால் புகார் போட்டால் இவன் வேலை நிலைக்குமா? தொழிலாளர் இலாகாவில் இருக்கும் உன் மச்சானிடம் பொதுவாக விசாரி, தோட்டத்தின் பெயரைச் சொல்லாதே. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். கட்டைவிரல் படம் அனுப்பினாயானால் ஈப்போவுக்கே வந்து உதைப்பேன்.

செல்வி