1933இல் நாகர்கோவிலுக்கு ரயில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒன்பது வாரமாக வந்துகொண்டிருக்கும் மர்மத் தொடர்கதையை விடாமல் படித்து வருகிறேன். 1933ஆம் ஆண்டுத் தென் திருவிதாங்கூரில், திருவனந்தபுரத்துத் தாவரவியல் பேராசிரியை ஒருவர் தக்கலையில் நிகழ்ந்த ஒரு சாவைத் துப்பறிவதாகக் கதை அமைந்திருக்கிறது. அப்படியொரு பெண்மணி அன்று உண்மையிலேயே இருந்தார். மிச்சிகனில் 1931இல் ஆய்வுப் பட்டம் பெற்ற ஜானகி அம்மாள், 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர்.

ஆனால் ஆறாம் வாரத்தில் எனக்கு இடறியது. சாவு நிகழ்ந்த இரவில் தான் ஊரிலேயே இல்லை என்பதற்கு, நாகர்கோவிலில் மாலை ரயில் ஏறியதை ஆதாரமாகச் சொல்கிறார் இறந்தவரின் மைத்துனர். நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததோ 1979இல்தான். ஆகவே அவர் பொய் சொல்லி மாட்டிக்கொண்டார் என்று மூன்று வாரம் நம்பியிருந்தேன். ஒன்பதாம் வாரத்தில் கதாநாயகியே அதே ரயிலில் வந்து இறங்கியபோதுதான், பிழை மைத்துனருடையது அல்ல, கதாசிரியருடையது என்று தெரிந்தது. குடும்பக் கதையில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. துப்பறியும் கதையிலோ வாசகர் ஒவ்வொரு விவரத்தையும் தடயமாகவே எடுத்து வைத்துக்கொள்கிறார்.

வண்டிக்காரனுக்கு எட்டணா கொடுப்பதும் பொருந்தவில்லை. அணாவில் அல்ல, சக்கரத்தில்தான் திருவிதாங்கூர்க் கணக்கு: 28 சக்கரம் ஒரு ரூபாய். என் பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தில் சங்கு முத்திரை பதித்த செப்புச் சக்கரம் ஒன்று, சுண்ணாம்பு படிந்து, விளிம்பு மழுங்கிக் கடைசிவரை கிடந்தது.

அறிவியல் பிழை இவற்றைவிடப் பெரிது. கதாநாயகி விதைகளைக் கோல்சிசின் என்னும் தாவர நஞ்சின் கரைசலில் ஊறவைத்து, மரபுப் பண்புகளைத் தாங்கும் குரோமோசோம்களை இரட்டிப்பாக்குகிறார். அந்த வழி உலகுக்குத் தெரியவந்தது 1937இல்தான். ரயிலுக்கும் கோல்சிசினுக்கும் சேர்த்து ஒரே மாற்று உண்டு: கதையை ஐந்து ஆண்டு தள்ளி, 1938இல், அதாவது மலையாளக் கொல்லம் ஆண்டு 1113இல் வைத்துவிடலாம். அப்போது ஆய்வுக்கூடத்தில் கோல்சிசின் இருந்திருக்கும். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு அரசுப் பேருந்து ஓடத் தொடங்கியதும் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான். மைத்துனரின் சாட்சியத்தை ரயிலிலிருந்து இறக்கி அந்தப் பேருந்தில் ஏற்றிவிட்டால் முடிச்சு அவிழாமலே நிற்கும். மேலும், மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸ் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல், அதாவது மருத்துவத் துறைத் தலைவர், ஆனதும் 1938இல்தான். காவல் துறையினர் கேட்க மறுக்கும் முடிவைக் கதாநாயகி கொண்டுபோய்ச் சொல்வதற்கு உயர் பதவியில் ஒரு பெண்மணி இருந்தார் என்பது, கதாசிரியர் தேடினாலும் கிடைக்காத வசதி அல்லவா?

குறையை மட்டும் சொல்வது முறையன்று. ஏழாம் வாரத்துக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. மருத்துவர் காலரா என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகு, கதாநாயகி அடுக்களைக்குள் நுழைந்து, சட்டியில் மிஞ்சிய அவித்த காச்சில் கிழங்கில் ஒரு துணுக்கை நசுக்கி, அயோடின் சொட்டு விட்டு உருப்பெருக்கியில் பார்க்கிறார். நீலமாகத் தெரியும் மாவுமணிகளுள் சில, காச்சிலுக்குரிய வடிவில் இல்லை. அவை செங்காந்தள் கிழங்கினுடையவை. வேலியோரம் பூத்துக் கிடக்கும் அந்தக் கொடியின் கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால்தான் கலப்பைக் கிழங்கு என்று பெயர். அதைத் தின்றவர்களுக்குச் சில மணி நேரம் கழித்து வரும் வாந்தியும் பேதியும் காலராவைப் போலவே இருக்கும். கோல்சிசின் இருப்பதும் அதே கிழங்கில்தான். கதாநாயகி தம் ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் கையாளும் பொருளே கொலைக் கருவி என்னும் நுட்பம், கதை 1938இல் நடந்தால்தான் வாசகருக்குக் கிட்டும்.

அதே கிழங்கைச் சிறிதளவு தின்று பிழைத்துக்கொண்டதாகச் சொல்லும் மருமகள்மீது எனக்கு ஐயம் உண்டு. உண்மையில் அந்த நஞ்சு உடலில் ஏறிப் பிழைத்தவர்களுக்கு, ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். கதைக் கணக்கில் பதினேழு நாள் ஆகிவிட்டது. சென்ற வாரம் அந்தப் பெண் இடுப்புவரை தொங்கும் பின்னலில் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறாள். இது கதாசிரியர் வேண்டுமென்றே வைத்த தடயமா, மற்றொரு கவனக்குறைவா என்று அறிய வரும் ஞாயிறை எதிர்பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
வடசேரி, நாகர்கோவில்.