ருத்ரம் வகுப்பு: ஞாயிறு முதல் ஐந்தாம் அனுவாகம்

அனைவருக்கும் நமஸ்காரம்.

யஜுர்வேதத்தில் வரும் சிவ துதியான ருத்ரத்தின் முதல் பாகம் நமகம். அதன் 11 அனுவாகங்களில் (பிரிவுகளில்) நான்கு முடிந்துவிட்டன. ஜூன் 14, ஞாயிறு காலை 6.30 மணிக்கு மாடி ஹாலில் ஐந்தாவது ("நமோ பவாய ச ருத்ராய ச") தொடங்குகிறோம். 7.45 வரை வகுப்பு.

1. 6.20-க்கே வந்துவிடுங்கள். முதலில் பழைய நான்கையும் சேர்ந்து சொல்வோம்.

2. சந்தை முறைதான். வாத்யார் ஒரு தடவை சொன்னதை நாம் இரண்டு தடவை சொல்ல வேண்டும். தயவுசெய்து அவர் சொல்லும்போதே கூடச் சொல்லாதீர்கள். ஸ்வரம் (ஒலியின் ஏற்ற இறக்கம்) காதில் விழாமலே போய்விடுகிறது.

3. ஸ்வரக் குறி போட்ட புத்தகம் கட்டாயம். எழுத்தின் கீழே படுக்கைக் கோடு என்றால் இறக்கம். மேலே ஒரு செங்குத்துக் கோடு ஏற்றம். இரண்டு கோடு, ஏற்றி நீட்ட வேண்டும். குறி இல்லாவிட்டால் சமம். தமிழ் எழுத்தில் படிப்பவர்கள், ஒரே எழுத்தின் வெவ்வேறு ஸம்ஸ்கிருத ஒலிகளைப் பிரித்துக் காட்ட க, ச, ட, த, ப-வுக்கு 2, 3, 4 எண் போட்ட பதிப்பையே வாங்குங்கள்.

4. ஐந்து முதல் ஒன்பது வரை வரிகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் வருவதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும் அபாயம் உண்டு. ஒன்று மனப்பாடமான பிறகே அடுத்தது. எட்டாவதில் "நம: சிவாய ச" வருகிறது, அதை நிதானமாகச் சென்றடைவோம்.

5. வீட்டில் தினமும் பத்து நிமிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வருகிறவர்கள் வெள்ளி இரவு 9 மணிக்குள் இங்கேயே பதில் போடுங்கள். புத்தகம் வேண்டுமானால் அதையும் சேர்த்து எழுதுங்கள், மொத்தமாக வாங்கிவிடலாம்.