ஆகஸ்ட் மாதத்தை நான் பூட்டி வைத்திருக்கிறேன்

அன்பு மகனுக்கு,

நான் நலம். முழங்கால் வலி வழக்கம்போல. அங்கே நீங்கள் மூன்று பேரும் நலமாக இருக்கக் கோணேசரை வேண்டிக்கொண்டுதான் இதை எழுதத் தொடங்குகிறேன்.

வட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வட்ஸ்அப்பில் நான் பத்து வரி எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்புகிறாய். அந்த விரலைப் பார்த்து நான் என்ன விளங்கிக்கொள்வது? கடிதம் என்றால் கடைசி வரைக்கும் வாசிப்பாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் குணம் உண்டு. கந்தளாய் மாமாவின் கடிதத்தையே வாசித்து முடித்தவன் நீ.

போன கிழமை நீ அனுப்பியது கிடைத்தது. "அம்மா, ஆகஸ்ட் முழுக்கத் திறந்து விடுங்கோ, ஆக்கள் எடுக்கட்டும்." அவ்வளவுதான். சரி. அதைப் பிறகு எழுதுகிறேன், முதலில் வீட்டுச் செய்தி.

மே மாதம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, ஆக்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிற முன் வீடு சும்மா கிடந்தது ஒன்பது இரவுதான். கணக்குக் கொப்பியைப் பார்த்துத்தான் சொல்கிறேன். கடல் குளம்போலக் கிடக்கிறது, நிலாவெளியிலிருந்து விடியவே புறாமலைத் தீவுக்கு வள்ளம் ஓடுகிறது. ஒரு ஜெர்மன் குடும்பம் வந்து நாலு நாள் நின்றது. பவளப்பாறைப் பக்கம் சுறாக் குட்டி பார்த்தோம் என்று அந்த மனிதர் கையை விரித்து விரித்துக் காட்டினார். காலையில் இடியப்பமும் சொதியும் கொடுத்தேன், அவருடைய மனைவி சொதியைக் கோப்பையில் ஊற்றி சூப் மாதிரிக் குடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். உன் அப்பா இருந்திருந்தால் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் சிரித்திருப்பார்.

ஆனால் கோயில் ஒலிபெருக்கி விடியற்காலையில் நித்திரையைக் கெடுத்தது என்று ஒருவர் இரண்டு நட்சத்திரம் குறைத்து எழுதியிருந்தாரே, அதற்கு நீ மன்னிப்புக் கேட்டு எழுதிய பதிலைப் பக்கத்து வளவுத் தம்பி எனக்கு வாசித்துக் காட்டினான். எனக்குக் கோபம்தான் வந்தது. கோயிலை நான் என்ன ரிமோட்டால் நிறுத்துவதா? மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டு விளம்பரத்திலேயே எழுதிவிடு: காலை 5 மணிக்குக் கோயில் பாட்டுக் கேட்கும், கடல் வாசலில் இல்லை, ஏழு நிமிடம் நடக்க வேண்டும், ஆவணியில் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்க்கும், குடிக்கப் போத்தல் தண்ணீர் வைத்திருக்கிறோம் என்று. உள்ளதைச் சொன்னால் வருகிறவன் குறை சொல்ல மாட்டான். நீ போட்ட படத்தில் கடல் படலைக்கு வெளியே நிற்கிற மாதிரி இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஒருநாள்தான் அது படலைக்கு வந்தது.

கரண்ட் பில்லை நினைத்தால் தலை சுற்றுகிறது. 180 அலகைத் தாண்டினால் உச்ச விலை, மூன்று ஏசியும் ஓடினால் அதைத் தாண்ட ஒரு கிழமை போதும். வருகிறவர்கள் ஏசியைப் போட்டுவிட்டு ஜன்னலையும் திறந்து வைத்துக் கடல் சத்தம் கேட்கிறார்கள்! இதற்கு ஒரு வழி சொல். அப்புறம் இந்த உப்புக் காற்று. படலைக்குப் பெயிண்ட் அடித்து எட்டு மாதம் ஆகவில்லை, பிணைச்சல் அரித்துவிட்டது. நடு அறை ஏசியின் வெளிப்பெட்டி துருப்பிடித்து உதிர்கிறது, எந்த ஏசி என்று உனக்குத் தெரியும், இல்லை, தெரியாது, அதையும் பிறகு எழுதுகிறேன். லண்டனில் இருந்து கணக்குப் பார்க்கும்போது மூன்று அறை, இத்தனை இரவு, இவ்வளவு காசு என்றுதான் தெரியும். பதிவு எடுத்துத் தருகிற இணையத்தளம் 100க்கு 15 எடுத்துக்கொள்கிறது, சுற்றுலாத் தீர்வை 100க்கு 1, பிரதேச சபைக்கு வருடா வருடம் அனுமதிப்பத்திரம், துவைக்கிற பிள்ளைக்குச் சம்பளம், நுளம்புத் திரி, தோட்டக்காரர். இவ்வளவும் போக மிஞ்சுவதைத்தான் உழைப்பு என்று சொல்ல வேண்டும்.

கணக்கில் மட்டும் என்னைக் குறை சொல்ல முடியாது. முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தவள். எங்களுக்கு மார்ச் 31, உங்களுக்கு ஏப்ரல் 5 என்று இரண்டு வருட முடிவுக்கும் தனித்தனியாகக் கூட்டி வைத்திருக்கிறேன். நீ அங்கே குடியிருப்பதால் இங்கே வருகிற வாடகையையும் அங்கே காட்டத்தான் வேண்டும், சின்னக் காசுதானே என்று விடாதே. இரண்டு நாட்டுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது, இங்கே கட்டிய வரியை அங்கே கழிக்கலாம், ரசீதெல்லாம் நீலப் பெட்டிக்குள் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு பதிவு செய்திருந்த அத்தனை பேரும் ரத்துச் செய்தார்கள், அந்தக் கிழமையும் கணக்கு எழுதினேன், எல்லாம் பூச்சியம். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாதபோது மெழுகுதிரியில் இருந்து எழுதினேன். இந்த வீடு விழாமல் நின்றதற்கு உன் காசு பாதி என்றால் என் கொப்பி மீதி. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

இரட்டைப் பிரஜாவுரிமை விஷயம் என்னவாயிற்று? ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன், ஒவ்வொரு தடவையும் "பார்ப்போம் அம்மா". காணி என் பெயரில் இருக்கிறது. 2014 இல் வந்த சட்டத்தோடு வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணி எழுதுவதற்குக் கட்டுப்பாடு உண்டு, இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. நீ அந்த நாட்டுப் பிரஜையான அன்றே இந்த நாட்டுப் பிரஜாவுரிமை போய்விட்டது. எனக்குப் பிறகு வாரிசாக வரும்தானே என்கிறாய். வரும். ஆனால் என் கையால் எழுதிக் கொடுப்பதும் நான் செத்த பிறகு நீ கச்சேரிக்கும் நொத்தாரிசுக்கும் அலைவதும் ஒன்றா? இன்னொன்றையும் யோசி. வீட்டுக்காரர் அதே வளவில் இருக்கிறார் என்றுதானே ஹோம் ஸ்டே என்று பதிந்தோம். அந்த வீட்டுக்காரர் நான். பின் வீட்டில் நான் இருக்கும் வரைக்கும்தான் முன் வீட்டுக்கு அந்தப் பெயர். ஆகவே அந்தப் படிவத்தை நிரப்பு.

இனி ஆகஸ்ட்.

வீடு கட்டி முடிந்த வருடத்திலிருந்து ஆகஸ்டில் மூன்று கிழமை நாங்கள் யாருக்கும் கொடுத்ததில்லை. கூடிய விலை போகிற மாதம் அதுதான் என்று எனக்குத் தெரியாதா? சின்னவனுக்குப் பள்ளிக்கூட விடுமுறை, நீங்கள் வருவீர்கள், அதனால் பூட்டி வைத்தோம். போன வருடம் அவனுக்கு ஏதோ நீச்சல் பயிற்சி என்றாய். பிள்ளை நீந்தப் பழகுவதற்குத் திருகோணமலையை விட லண்டன் நல்லது என்று நானும் நம்பிக்கொண்டேன். இந்த வருடம் காரணமும் சொல்லவில்லை, திற என்று மட்டும் எழுதியிருக்கிறாய்.

காசுக்குக் கஷ்டமா? அப்படியென்றால் நேரே கேள், என் பென்ஷன் தொடாமல் கிடக்கிறது. வேலையில் ஏதாவது பிரச்சினையா? நேரத்துக்குச் சாப்பிடு. போன மாதம் வீடியோவில் கதைத்தபோது உனக்குப் பின்னால் இருந்த சுவர் வேறு சுவர். அந்த மஞ்சள் திரைச்சீலை இல்லை, சின்னவன் கீறி ஒட்டிய மீன் படமும் இல்லை. மருமகள் பிள்ளை எங்கே என்று கேட்டேன், வேலைக்குப் போய்விட்டாள் என்றாய். ஞாயிற்றுக்கிழமை. சின்னவன் எங்கே என்றேன், கூட்டாளி வீட்டில் என்றாய். சரி என்று விட்டுவிட்டேன். நான் எதையும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, வெளியே குளிர் என்றால் காதை மூடு, உனக்குச் சின்ன வயதில் காது வலி வரும்.

எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். இரண்டு வருடமாக எழுத நினைத்து எழுதாமல் விட்டது.

கடைசியாக நீங்கள் வந்து நின்றபோது உன் கூட்டாளியைப் பார்க்க நாலு நாள் யாழ்ப்பாணம் போனாயே. நீ போன அன்று மத்தியானம் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. பதினொரு பேர், நாலு இரவு, எங்கேயும் இடமில்லை, வழமையான விலையைப் போல இரண்டரை மடங்கு தருகிறோம் என்றார்கள். நான் ஓம் என்றுவிட்டேன். பிள்ளையையும் சின்னவனையும் பின் வீட்டுக்கு வரச் சொன்னேன். நாலு நாள்தானே என்றேன். கச்சான் காற்று நெருப்பாக அடித்த நாட்கள், பின் வீட்டில் ஒரு காற்றாடிதான் என்று உனக்குத் தெரியும். சின்னவனுக்கு முதுகு முழுக்க வியர்க்குரு போட்டது. இரண்டாம் நாள் இரவு பிள்ளை வந்து, "மாமி, வருசம் முழுக்க நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறது இந்த மூன்று கிழமையைத்தான்" என்றாள். சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது என்ர மகன் உழைச்சுக் கட்டின வீடு. நீங்களும் வந்து போற ஆக்கள்தானே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். மற்ற நாற்பத்தொன்பது கிழமையும் நான் தனியே இருந்து ஊரார் படுத்த கட்டிலுக்கு விரிப்பு மாற்றுகிற கோபமோ என்னவோ. அவளும் உழைத்துத்தான் அந்த வீட்டுக்குக் காசு வந்தது என்று தெரிந்துகொண்டே சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. நீ திரும்பி வந்து ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டபோது, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளுக்கு முன்னாலேயே நான்தான் சொன்னேன். அதற்கும் பேசாமல் நின்றாள். எனக்காகத்தான் நின்றாள் என்று இப்போது விளங்குகிறது.

நீங்கள் புறப்பட்ட அன்று முன் வீட்டைக் கூட்டப் போனேன். கூட்ட ஒன்றும் இல்லை. கட்டில் விரிப்பெல்லாம் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்திருந்தாள், குப்பை கட்டி வெளியே வைத்திருந்தாள், சாவி மேசையில் இருந்தது. வருகிற ஆக்கள் அப்படித்தான் செய்துவிட்டுப் போக வேண்டும் என்று நீ எழுதித் தொங்கவிட்டிருக்கிறாய் அல்லவா, அதில் உள்ளபடியே. பக்கத்தில் ஆக்கள் பெயர் எழுதுகிற கொப்பி திறந்து கிடந்தது. ஒரு பெல்ஜியம்காரருக்குக் கீழே தன் பெயரையும் சின்னவன் பெயரையும் எழுதி, எத்தனை இரவு என்ற இடத்தில் 17 போட்டு, "நன்றி, நல்ல வீடு" என்று எழுதியிருந்தாள்.

17. பின் வீட்டில் படுத்த நாலு இரவைக் கழித்துவிட்டாள். கணக்கு டீச்சருக்கு அது விளங்காமல் போகுமா?

அந்தத் தாளைக் கிழித்து நீலப் பெட்டிக்குள் ரசீதுகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்தக் காசில் வாங்கியதுதான் நடு அறை ஏசி, இப்போது உதிர்கிறதே, அது.

இதனால்தான் எல்லாம் நடந்தது என்று நான் சொல்லவில்லை. என்ன நடந்தது என்றே எனக்குத் தெரியாது, நீ சொல்லவில்லை. ஆனால் என் பங்கு இவ்வளவு. இதை அவளிடம் சொல்ல வேண்டியவள் நான். அவளுடைய நம்பருக்கு எடுத்தால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை, எடுத்தாலும் எனக்கு வாய் வருமா தெரியாது. அவளுக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று மட்டும் சொல். வேறு ஒன்றும் விளக்க வேண்டாம்.

நீ சொன்னபடி ஆகஸ்டை நான் திறக்கவில்லை. 3 ஆம் திகதியிலிருந்து 24 வரைக்கும் பூட்டச் சொல்லிப் பக்கத்து வளவுத் தம்பியிடம் சொன்னேன், கூரை வேலை நடக்கிறது என்று போட்டுவிட்டான். கூரைக்கு ஒரு குறையும் இல்லை. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், அந்த மூன்று கிழமைக் காசை என் பென்ஷனிலிருந்து கணக்கில் போட்டுவிடுகிறேன். மூன்று பேரும் வந்தாலும் சரி, நீ மட்டும் வந்தாலும் சரி, பிள்ளை சின்னவனோடு தனியே வருவதென்றால் அதுவும் சரி. அப்படி வந்தால் நான் கந்தளாயில் போய் நிற்கிறேன், சாவியைப் பக்கத்து வளவில் கொடுத்துவிடுகிறேன். முன் அறைக் கட்டிலுக்குப் புது நுளம்பு வலை வாங்கியிருக்கிறேன். சின்னவன் இப்போது எவ்வளவு உயரம்?

படலையில் ஆட்டோ வந்து நிற்கிறது, இன்றைக்குப் பிரெஞ்சுக்காரர் இரண்டு பேர். போய்ச் சாவி கொடுக்க வேண்டும்.

அன்புடன்
அம்மா

பி.கு.: அந்தப் படிவத்தோடு பிறப்புச் சான்றிதழும் கேட்பார்களாம். உன்னுடையது என்னிடம் இருக்கிறது. பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.