பைத்தானுக்காக ஃபார்மேட் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் படிக்கிற பிள்ளைகள் பலர், பைத்தான் என்கிற புரோகிராமிங் மொழி ஓடவில்லை என்றதும் விண்டோஸையே ஃபார்மேட் பண்ணக் கிளம்பிவிடுகிறார்கள். காசுக்குக் கேடு, வேண்டாத வேலை. பைத்தானை மட்டும் நீக்கி மறுபடி போட்டுப் பார்க்கலாம்.

நீக்குமுன் கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளைகளை அடிக்கும் திரை) 'பிப் ஃப்ரீஸ்' கொடுத்து, பிப் (லைப்ரரிகளைப் போடும் கருவி) மூலம் போட்டிருக்கும் லைப்ரரிகளின், அதாவது கூடுதல் கோட் தொகுப்புகளின், பட்டியலை ஒரு ஃபைலில் எடுத்து வையுங்கள். பிறகு செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் நீக்கலாம். அப்படியும் ஆப்டேட்டாவுக்குள் பைத்தான் ஃபோல்டர் பெரும்பாலும் மிச்சமிருக்கும். இன்ஸ்டாலர் தான் வைத்ததை மட்டுமே எடுக்கும்; பிப் கொண்டுவந்தவை அதன் கணக்கில் இல்லை. ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், வியூ மெனுவில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் செய்தால் தெரியும். மிச்சத்தைக் கையால் அழிக்க வேண்டியதுதான்.

மறுபடி போடும்போது வழக்கமான இன்ஸ்டாலரின் முதல் திரையில், அடியில், பைத்தானை பாத்தில் (புரோகிராம்களை விண்டோஸ் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்க்கச் சொல்லும் 'ஆட் பைத்தான்.எக்ஸி டு பாத்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். டிக் செய்யாவிட்டால், 'பைத்தான்' என்று அடித்ததும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வந்து நிற்கும். செட்டிங்ஸில் 'ஆப் எக்ஸிகியூஷன் ஏலியாசஸ்' தேடி, பைத்தான் பெயரில் உள்ளவற்றை அணைத்தால் அந்தத் தொல்லை ஒழியும். ஏற்கெனவே திறந்திருக்கும் கமாண்ட் பிராம்ப்டுக்குப் புதிய பாத் தெரியாது. மூடித் திறக்க வேண்டும்.

பழைய விர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒரு புராஜெக்டுக்கென்று லைப்ரரிகளைத் தனியாக வைக்கும் ஃபோல்டர்) ஓடாமல் போகலாம். அதிலுள்ள 'பைவென்வ்' கான்ஃபிக் ஃபைலில் நீக்கிய பைத்தானின் முகவரிதான் எழுதியிருக்கும். ஒட்டுப்போட வேண்டாம்; அந்த ஃபோல்டரை அழித்துப் புதிதாக உருவாக்கி, எடுத்து வைத்த பட்டியலை பிப்பிடம் கொடுங்கள்.

கல்லூரி லேபுகளில் எந்த வெர்ஷன் ஓடுகிறது என்று போர்டில் எழுதிப் போட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

– கணினிப் பழுது பார்ப்போர், திருநெல்வேலி