பரண்ல கெடக்குற லேப்டாப்ப எடைக்குப் போடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிருச்சு, பழைய லேப்டாப்ப எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டு புதுசு வாங்குங்கன்னு உங்க டெக் பக்கத்துல போட்டிருந்தீங்க. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு சிப்பைக் கேக்கும், நிறைய பழசுல அது இருக்காது, வாஸ்தவம்தான். அதுக்காக மிஷினே செத்துப்போச்சா என்ன? லினக்ஸ்ங்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டு வீட்டு சர்வரா, அதாவது ஃபைலை எல்லாம் ஒரே எடத்துல வச்சு போன், டிவிக்குக் குடுக்குற மிஷினா மாத்திக்கலாம். எக்ஸ்சேஞ்ச்ல கிடைக்கிற காசு ஒரு நாள் பிரியாணிக்குப் பத்தினா பெருசு.

நம்ம அரசு 2011-ல இருந்து பசங்களுக்குக் குடுத்துச்சே இலவச லேப்டாப், ஆரம்பத்துல வந்ததுல மத்திய அரசு நிறுவனம் சி-டாக் பண்ண பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்துச்சு, அதுக்கு அடியில இருக்கிறது டெபியன்ங்கிற லினக்ஸ். பசங்க மொத வேலையா அதை அழிச்சுட்டு கேம் ஏத்துனது வேற கதை. அதே டெபியனை டெஸ்க்டாப் எதுவும் இல்லாம வெறும் சர்வரா போட்டா 2 ஜிபி ரேம்லயே ஜம்முனு ஓடும். ஃபைல் ஷேர் பண்ற சம்பா சாஃப்ட்வேர் போட்டா வீட்டுல எல்லாரோட போன் போட்டோவும் ஒரே எடத்துல சேரும், வீடியோ அனுப்புற ஜெல்லிஃபின் போட்டா டிவில படம் பாக்கலாம், ஆனா டிவிக்குத் தெரிஞ்ச ஃபார்மட்ல ஃபைல் இருக்கணும், ஹெச்இவிசிங்கிற ஃபார்மட்ல இருக்கிற படத்தை டிவிக்கேத்த மாதிரி மாத்திக் குடுன்னு அந்தப் பழைய ப்ராசசரைக் கேட்டா ஃபேன் கத்துற கத்துல தூங்க முடியாது. ரொம்பப் பழைய 32 பிட் மிஷினா இருந்தா டெபியன் 12 வரைக்கும்தான், 2025 ஆகஸ்ட்ல வந்த 13-ல அதுக்கு இன்ஸ்டாலரே கிடையாது.

பழைய சிபியு பெட்டியைத் தூக்கி சர்வர் பண்றவங்க கரண்ட் கணக்கைப் பாக்குறதே இல்ல. 70 வாட் இழுக்கிற பெட்டி ராத்திரி பகலா ஓடுனா ரெண்டு மாச பில்லுல 100 யூனிட் ஏறும், ஸ்லாப் தாண்டிடுச்சுன்னா வீட்டுல பாட்டு வாங்கணும். ஸ்க்ரீனை அணைச்ச லேப்டாப் சும்மா இருக்கும்போது ஒரு 20 வாட்னு வச்சாலும் 30 யூனிட்டுக்குள்ள முடிஞ்சிரும், அதனால எங்கிட்ட யார் கேட்டாலும் லேப்டாப்தான் சொல்லுவேன். மூடியைச் சாத்துனா தூங்கிடும், டெபியன்ல லாகின்ட் கான்ஃப் (logind.conf)-ங்கிற செட்டிங் ஃபைல்ல லிட் ஸ்விட்ச்சுக்கு (HandleLidSwitch) நேரா இக்னோர்னு மாத்திட்டு ரவுட்டர் பக்கத்துல சொருகி வச்சிரலாம்.

பேட்டரி நல்லாருந்தா கரண்ட் போனாலும் தாங்கும். உப்பியிருந்தா யோசிக்காம கழட்டிருங்க, நிறைய மாடல் அடாப்டர்லயே ஓடும். ஹார்ட் டிஸ்க்ல அதோட நிலைமையைச் சொல்ற ஸ்மார்ட் டெஸ்ட் ஓட்டி, ரீஅலோகேட்டட் செக்டர், அதாவது கெட்டுப்போனதால மாத்தி வச்ச எடம், ஏறிட்டே போனா டிஸ்க்கை மாத்திருங்க, எப்படியிருந்தாலும் கல்யாண போட்டோவுக்கு இன்னொரு காப்பி வெளிய இருக்கணும். வெளியூர்ல இருந்து பாக்கணும்னு ரவுட்டர்ல போர்ட்டை, அதாவது வெளிய இருந்து உள்ள வர்ற வழியைத் திறந்து விடாதீங்க, போனையும் சர்வரையும் பாதுகாப்பா இணைக்கிற டெய்ல்ஸ்கேல் ஆப் போதும், நிறைய கனெக்‌ஷன்ல தனி ஐபியே (இன்டர்நெட் முகவரி) தர்றதில்ல, போர்ட் திறந்தாலும் வேலைக்காகாது.

இதை எப்படிப் போடுறதுன்னு தமிழ்ல படத்தோட ஒரு அரைப் பக்கம் போடுங்க சார். பக்கத்துலயே எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் விளம்பரம் வந்தாலும் பரவால்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு