பகல் டூட்டி கேட்டு எழுது, பாப்பா

பாலக்கோடு,
ஞாயிறு மதியம்.

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நேற்று ராத்திரி நீ போனை வைத்ததும் உங்கம்மா "என்னவாம்?" என்றாள். "டூட்டி மாத்திட்டாங்களாம்" என்று மட்டும் சொன்னேன். போனில் எனக்குப் பேச வராது. இத்தனை வருஷம் அடுத்தவர் கடுதாசியைச் சுமந்த பழக்கமோ என்னவோ, எழுதினால்தான் கோர்வையாக வருகிறது.

நான் புரிந்துகொண்டது சரிதானா பார். நீ மாத்திரை போடும்போது கூட வேலை செய்கிற பெண் அட்டையைப் பார்த்துவிட்டாள். லித்தியம் என்று படித்தவளுக்கு அது பைபோலாருக்கு, மனசு ஏகத்துக்கு ஏறி இறங்குகிற நோய்க்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவளும் நர்ஸ்தானே. மூன்றாம் நாள் மேலே கூப்பிட்டு, "உனக்கு எதுக்கும்மா ஐசியூ டென்ஷன், ஸ்டோர்ல இரு" என்று சொல்லிவிட்டார்கள். எட்டு வருஷம் ஐசியூ பார்த்தவள் இப்போது கையுறைப் பெட்டி எண்ணிக்கொண்டிருக்கிறாய். "ஊருக்கே வந்துடட்டுமாப்பா?" என்று கேட்டாய். நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி பேச்சை விட்டுவிட்டேன்.

இது உன் வீடு, எப்போது வேண்டுமானாலும் வா. இதற்காக மட்டும் வராதே.

என் கழுத்து பிடித்துக்கொண்ட வருஷம் உனக்கு நினைவிருக்காது, நாலாவது படித்தாய். தலையை மட்டும் திருப்ப முடியாது, திரும்பினால் ஆளே திரும்ப வேண்டும். பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தண்ணீரில் இருக்கிற புளோரைடு எலும்பில் ஏறியிருக்கிறது என்றார்கள். ஒகேனக்கல் குடிநீர் நம் பக்கம் வந்தது 2013-இல். அதற்கு முன்னால் கிணறும் போரும்தானே. உன் பல்லில் இருக்கிற பழுப்புக் கறையும் அந்தத் தண்ணீர் கொடுத்ததுதான். காலேஜில் வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தவள், கொரோனாவில் மாஸ்க் மாட்டிய பிறகுதான் நிம்மதியாகச் சிரிக்கிறேன் என்று சொன்னாயே.

அப்போது எனக்கு ஹைவே பக்கம் தபால் கொடுக்கிற பீட். சைக்கிளில் போகும்போது பின்னால் வருகிற லாரியைத் திரும்பிப் பார்க்க முடியாது, இரண்டு தடவை விழ இருந்தேன். அன்றைக்கு இருந்த போஸ்ட்மாஸ்டர், "உன்னால முடியல, உள்ளே உக்காந்து ஸ்டாம்பு குத்து" என்று சொல்லியிருக்கலாம். அவர் அந்த மாதிரி செய்யவில்லை. பஜார் தெருக்களை, நடந்தே போகிற பீட்டை, எனக்குக் கொடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பையனை ஹைவேக்கு அனுப்பினார். அந்தப் பையன் ஒரு மாசம் என்னிடம் பேசவில்லை, அது வேறு விஷயம். பதினாலு வருஷம் அந்தத் தெருக்களில் தபால் கொடுத்துத்தான் ரிட்டயர் ஆனேன். எனக்கு ஆகாதது ஹைவே. உனக்கு ஆகாதது ராத்திரி.

2019-ஐ நினைத்துப் பார். பதினாலு நாள் தொடர்ந்து நைட். நடுவில் யாரோ வேலையை விட்டுப் போனதால் இரண்டு டபுள் டூட்டி. லீவில் வீட்டுக்கு வந்தாய். விடியற்காலை மூணு மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்து வந்தால், வீட்டில் இருக்கிற பாத்திரம் எல்லாம் வாசலில் கிடக்கிறது. களி கிண்டுகிற துடுப்பைக்கூட விடவில்லை, சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாய். கை நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. நாலு கறவை மாடு வாங்கி எனக்குப் பால் பண்ணை வைத்துத் தரப்போகிறேன் என்றாய். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாலாவது நாளும் நீ தூங்காதபோதுதான் பயம் வந்தது.

உங்கத்தை பேச்சைக் கேட்டு ஒரு இடத்துக்குக் கூட்டிப் போனோம். வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், காலில் சங்கிலி, சங்கிலி வேப்பமரத்தில். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் எழுந்து ஓட முடியாமல் செத்துப்போனார்களே, அந்தச் செய்தியை டீக்கடையில் நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அந்தப் பெண்ணின் காலைப் பார்த்ததும் வந்த ஆட்டோவிலேயே உன்னைத் திருப்பிக் கூட்டி வந்துவிட்டேன். மறுநாள் ரயில் ஏறி பெங்களூர் நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரி. அதற்குள் இருபது நாள் வீணாகியிருந்தது. அது என் தப்பு.

அங்கே டாக்டர் பைபோலார் என்று சொல்லிவிட்டு, தூக்கத்தைப் பற்றித்தான் அரை மணி நேரம் பேசினார். தூக்கம் கெட்டால் இது கிளம்பும், கிளம்பிவிட்டால் தூக்கம் கிட்டே வராது. "வேலையை விடணுமா சார்?" என்று நான்தான் கேட்டேன். "வேலையை எதுக்கு விடணும், நைட்டை விடச் சொல்லுங்க" என்றார். அந்தச் சீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

உனக்கு ஐசியூ ஆகாது என்கிறவர்கள் கொரோனா சமயத்தில் உன்னைப் பார்த்திருக்க வேண்டும். கவச உடையை மாட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நின்றாய். உடம்பில் தண்ணீர் வற்றினால் லித்தியம் ரத்தத்தில் ஏறும். ஒரு பாட்டிக்கு ஊசி ஏற்றப் போகும்போது விரல் நடுங்கியிருக்கிறது. நீயே இன்சார்ஜிடம் போய், "இவங்களுக்கு வேற யாராவது கேனுலா போடட்டும், என் கை இன்னிக்கு சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்தாய். ராத்திரி மாத்திரை போட்டு பன்னிரண்டு மணி நேரம் கணக்குப் பார்த்து காலையில் ரத்தம் கொடுத்தாய். லித்தியம் 1.3 வந்தது, அது அதிகம். டாக்டர் அளவைக் குறைத்தார், ஒரு வாரத்தில் கை நின்றது. அந்தப் பாட்டிக்கு ஒரு கீறல் விழவில்லை. இதையெல்லாம் நீதான் எனக்குச் சொன்னாய், இப்போது நீயே மறந்துவிட்டுப் பேசுகிறாய்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை தர்மபுரி கோர்ட்டுக்குப் போய் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரித்தேன். பெயரும் ஊரும் சொல்லவில்லை, பயப்படாதே. அங்கே இருந்த வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னார். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. வேலையில் இருக்கும்போது இப்படி வந்தால் விலக்கக்கூடாது, பதவியைக் குறைக்கக்கூடாது என்கிற பிரிவு அரசு நிறுவனங்களுக்குத்தான், அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஆனால் தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை என்று ஒன்றை எழுதி வெளியிட்டிருக்க வேண்டுமாம். முதலில் அதைக் கேட்டு வாங்கு என்றார். இன்னொன்று, 2017 மனநலச் சட்டப்படி உனக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் உன் நோயை வெளியே சொல்லக்கூடாது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் வைத்துக் கொடுப்பார்களாம், நீ இருக்கிற கோயம்புத்தூர் கோர்ட்டிலும் இதே ஆபீஸ் உண்டு.

நீ டாக்டரிடம் இரண்டு வரி வாங்கு. ஒன்று, வேலை பார்க்கத் தகுதியாக இருக்கிறாய் என்று. இன்னொன்று, மருத்துவக் காரணத்தால் நைட் டூட்டி வேண்டாம் என்று. நோயின் பெயர் அதில் வரவேண்டுமா என்பது உன் இஷ்டம். அதோடு ஒரு மனு: எனக்குப் பகல் டூட்டி வேண்டும், நோயாளி இருக்கிற வார்டு வேண்டும். நேரில் கொடு, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கு. வாங்க மறுத்தால் தபாலில் அனுப்பு. பதிவுத் தபாலைத்தான் 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்களே. அந்தச் செய்தி கேட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்பீடு போஸ்டிலேயே ஒப்புகை கேட்டு அனுப்பு.

அவர்கள் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். அப்போது வேறு ஆஸ்பத்திரி பார்ப்போம், டயாலிசிஸ், ஓபி என்று பகல் வேலை இல்லாமலா போகும்? ஆனால் கேட்காமல் வராதே.

அப்புறம் ஒன்று. ஒளித்து வைக்கப் பழக்கினதே நாங்கள்தான். ராயக்கோட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தபோது, மாத்திரையை எல்லாம் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து உங்கம்மா பவுடர் டப்பாவில் போட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர்கள் நாலு நாள் போக வர இருந்தார்கள், நாலு நாளும் உனக்கு மாத்திரை விட்டுப்போனது. அதற்கப்புறம் நீ பட்டது உனக்கே தெரியும். அந்தச் சம்பந்தம் போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்த நாலு நாளை நினைத்தால்தான் இப்போதும் ராத்திரியில் முழித்துக்கொள்கிறேன். இதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அம்மா திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருக்கிறாள். கொட்டை எடுத்த புளி ஒரு கிலோவும் கேழ்வரகு மாவும் நாளைக்கு அனுப்புகிறேன். முதுகு வலி என்றாயே, கடையில் கிடைக்கிற வலி மாத்திரையை வாங்கிப் போட்டுவிடாதே, லித்தியத்தோடு ஆகாதது அதில் நிறைய. உனக்கே நான் சொல்கிறேன் பார். மனு கொடுத்த அன்றைக்குத் தேதியை மட்டும் எனக்கு மெசேஜ் போடு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பவுடர் டப்பா இடத்தில் எழுந்து உள்ளே போனவள், கொஞ்ச நேரம் கழித்து அதே டப்பாவை எடுத்து வந்து காட்டினாள். இப்போது அதில் சட்டைப் பொத்தான்தான் இருக்கிறதாம், அதையும் எழுதச் சொன்னாள்.