கடனோடு கடலுக்குப் போகும் தம்பிக்காக

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாட்களாகின்றன. வேலைப்பளு என்று சொல்லித் தப்பலாம். ஆனால் உண்மை அதுவல்ல. உன் தம்பி படிப்புக்காகப் பட்ட கடனை அடைக்க, கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக் மேடையில் வேலைக்குப் போக நிற்கிறான், நீ போய் வந்தவன், என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வதென்றால், இதுவரை ஒருவரிடமும் சொல்லாத ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்குத்தான் இத்தனை நாள் பிடித்தது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றதால் எனக்கு அரச பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை என்பதும், தனியார் கல்லூரியில் பட்டம் படிக்க வங்கியில் 18 இலட்சம் ரூபா எடுத்ததும், மாமா பிணை நின்றதும், அம்மாவின் காப்புகள் அடைவுக்குப் போனதும் உனக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் 'மாறும் வட்டி' என்று இருந்ததை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். அதன் பொருள் 2022 ஏப்ரல் 8 ஆம் திகதிதான் விளங்கியது. அன்று மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நான்கு நாள் கழித்து, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக நாடே அறிவித்தது. நாட்டுக்கு அது முடியும்; பிணை நின்ற மாமாவை வைத்துக்கொண்டு எனக்கு முடியுமா? 32,000 ரூபாவாக இருந்த என் மாதத் தவணை ஆண்டு முடிவதற்குள் 45,000 ஐத் தாண்டியது. அப்போது என் சம்பளம் 60,000.

வட்டியை ஏற்றிய அதே நெருக்கடிதான் என்னைக் காப்பாற்றியதும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே நடுப்பகுதியில் 360 ஐத் தொட்டது. ரூபாவில் கடன் வைத்திருப்பவன் டொலரில் உழைத்தால் கிட்டத்தட்டப் பாதிக் கடன் தானாகவே கரைந்துவிடும். 2023 பெப்ரவரியில் ரிக்குக்குப் போனேன். ஐந்து சுற்றுகளில் கடன் தீர்ந்தது. இதை மட்டும் சொன்னால் தம்பி இன்றைக்கே பெட்டி கட்டிவிடுவான். ஆனால் அவனுடைய கடன் லண்டனில் உங்கள் சித்தப்பாவிடம் பவுணில் வாங்கியது. ரூபா விழுந்தாலும் எழுந்தாலும் அந்தக் கடன் ஒரு சதமும் குறையாது. அதோடு, எனக்கு நாளொன்றுக்கு 45 டொலர் என்று முகவர் சொன்னது ரிக்கில் நிற்கும் நாளுக்கு மட்டும்தான். 56 நாள் வேலை, 28 நாள் சம்பளமில்லாத வீடு, இதுதான் ஒரு சுற்று. 84 நாளுக்கும் பங்கிட்டுப் பார்த்தால் அது 30 டொலர். தம்பியையும் அப்படியே வகுத்துப் பார்க்கச் சொல்.

நான் இருந்த ரிக் மூன்று கால்களைக் கடலடியில் ஊன்றி, உடலை நீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும் ஜாக்கப் வகை. இடம் சவூதிக் கரைக்கு அப்பால், 1951 இல் கண்டுபிடிக்கப்பட்ட சபானியா வயல். கடலிலுள்ள எண்ணெய் வயல்களில் உலகிலேயே பெரியது அதுதான். பெருமையாகத்தான் போனேன். ஆனால் ரவுஸ்டபவுட்டுக்கு, அதாவது தளத்தில் எடுபிடி வேலை செய்யும் என் போன்றவனுக்கு, அங்கே எண்ணெயே கண்ணில் படாது. துருவைச் சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, 25 கிலோ மூட்டைகளைப் பிரித்துத் துளையிடும் சேற்றுக் கலவைக்குள் கொட்டுவது, கிரேன் தூக்கும் பாரங்களுக்குக் கம்பிவடம் மாட்டுவது, பிறகு தளத்தைக் கழுவுவது. ஆறு மணிக்குத் தொடங்கினால் அடுத்த ஆறு மணி வரை. 56 நாளும் ஞாயிறு கிடையாது. உடம்பு இரண்டு வாரத்தில் பழகிவிடும். பழகாதது இரவு வேலை முடித்துவிட்டுக் கொள்ளும் பகல் நித்திரைதான். இலங்கைத் தேயிலை என்று எழுதிய பெட்டியிலிருந்து வெறும் தூள் பையை எடுத்துத் தரும்போது வரும் கோபத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்.

போவதற்கு முன் செய்யும் பாதுகாப்புப் பயிற்சியைப் பற்றித் தம்பி கேட்டிருந்தான். மூன்று நாள், சான்றிதழ் நான்கு ஆண்டுகளுக்குச் செல்லும். ஹெலிகொப்டரின் உட்புறம் போன்ற ஒரு கூண்டில் பெல்ட்டால் கட்டி உட்கார வைத்து, நீச்சல் குளத்துக்குள் இறக்கித் தலைகீழாகப் புரட்டுவார்கள். ஒரு கை ஜன்னல் விளிம்பை விடக்கூடாது. நீர் நிரம்பிக் கூண்டு அசைவது நிற்கும் வரை பொறுத்திருந்து, ஜன்னலைத் தள்ளிவிட்டு, கடைசியாகத்தான் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டு முதலில் பெல்ட்டைக் கழற்றியவன் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரியாமல் தத்தளிப்பான். நான் முதல் முறை அப்படித்தான் தத்தளித்தேன். வெப்பக் கடலுக்கென்று மலிவான பயிற்சியொன்றும் உண்டு. அது வளைகுடாவுக்குப் போதும், குளிர்ந்த வட கடலுக்குச் செல்லாது. பிற்பாடு அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் இப்போதே முழுப் பயிற்சியைச் செய்யட்டும்.

இனி, சொல்லத் தயங்கிய விடயம்.

ரிக்கில் ஏறியவுடன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும்படி ஓர் அட்டை தருவார்கள். எந்த வேலை ஆபத்தாகத் தெரிந்தாலும், தந்தவனுடைய பதவி எதுவாக இருந்தாலும், அதை நிறுத்த உனக்கு அதிகாரம் உண்டு, அதற்காக எவரும் உன்னைத் தண்டிக்க மாட்டார்கள் என்று அதில் அச்சடித்து, ரிக் மேலாளரின் கையெழுத்தும் இருக்கும். இரண்டாவது சுற்றின் ஐந்தாவது வாரத்தில், அதிகாலை மூன்று மணியளவில், விநியோகப் படகிலிருந்து துளைக்குழாய்க் கட்டொன்றை ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு குழாயும் ஏறத்தாழ ஒன்பதரை மீற்றர் நீளம், கால் தொன்னுக்கு மேல் நிறை. நான் பிடித்த கம்பிவடத்தில் அறுந்த இழைகள் தூண்டில் முள்ளைப் போல நீட்டிக்கொண்டு கையுறையில் கொளுவின. ஒவ்வொரு பரிசோதனைக் காலத்துக்கும் வடத்தில் ஒரு நிறம் பூசுவார்கள்; அதில் இருந்த நிறமும் முந்தைய பரிசோதனைக்குரியது. நடப்புக் காலத்துக்குரிய நிறம் அல்ல. இரண்டையும் கண்டேன். அதற்கு முதல் வாரம்தான் எங்கள் முகவர் மூலம் வந்த ஒருவனைப் பாதியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். காரணம் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கணத்தில் என் தலைக்குள் ஓடியது பாரமல்ல, 45,000 ரூபா தவணை. பெருவிரலை உயர்த்திக் காட்டினேன். கிரேன் தூக்கியது. ஓர் ஆள் உயரத்தில் வடம் அறுந்து, கட்டின் ஒரு நுனி சரிந்து, குழாய்கள் தளத்தில் சிதறின. இரண்டடி தள்ளி நின்ற பிலிப்பைன்ஸ் நண்பன் பாய்ந்து தப்பினான். கெண்டைக்காலில் சிராய்ப்பு மட்டும். விசாரணையில் வடத்தைப் பார்த்தாயா என்று கேட்டார்கள். இருட்டில் தெரியவில்லை என்று சொன்னேன். பகலைப் போல விளக்கு எரிந்த தளம் அது.

1988 ஜூலை 6 ஆம் திகதி வட கடலில் பைப்பர் அல்பா மேடை எரிந்து 167 பேர் இறந்ததைப் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். பாதுகாப்பு வால்வைக் கழற்றிவிட்டுத் திருத்த வேலைக்கு விட்டிருந்த பம்பை, அது தெரியாத இரவுக் குழு இயக்கியது. ஒரு குழுவிடமிருந்து அடுத்த குழுவுக்குப் போக வேண்டிய செய்தி போகவில்லை. மறதியைத் தடுக்க அனுமதிச் சீட்டு, கையளிப்புப் புத்தகம் என்று பல ஏற்பாடுகள் உண்டு. கண்டுவிட்டுப் பயத்தில் வாயை மூடுபவனுக்கு எந்தப் புத்தகம் உதவும்?

கடன் இருந்த ஐந்து சுற்றுகளில் நான் ஒரு வேலையையும் நிறுத்தவில்லை. கடன் தீர்ந்த பிறகு, கொஞ்சம் கைக்காசு சேர்க்கவென்று போன ஆறாவது சுற்றில் மூன்று முறை நிறுத்தினேன். ஒரு முறை மேற்பார்வையாளர் முகத்தைச் சுளித்தார். மற்ற இரண்டு முறையும் நன்றி சொன்னார்கள். ஒருவரும் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. முன்னரும் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன், ஆனால் கடன்பட்டவனுக்கு அந்த நினைப்பு வராது.

அதனால் தம்பி போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சித்தப்பாவோடு பேசி, ஆறு மாதத்துக்குக் கடனைக் கேட்பதில்லை என்று ஒரு வாக்கை வாங்கிவிட்டுப் போகட்டும். ஒரு சுற்றுச் சம்பளம் முழுவதும் இல்லாமல் போனாலும் வீடு தாங்கும் என்று நீ அவனுக்குச் சொல்லு. சொன்னால் மட்டும் போதாது, அந்தக் காசை ஒதுக்கியும் காட்டு. பாதியில் திரும்பி வந்தாலும் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க மாட்டோம் என்று வீட்டிலுள்ள அத்தனை பேரும் சொல்ல வேண்டும், முக்கியமாக உன் அப்பா.

மன்னாரிலேயே கிணறு தோண்டினால் இந்த அலைச்சல் ஏன் என்று நீ கேட்டிருந்தாய். மன்னார்த் தீவின் பேசாலையில் 1970களில் எண்ணெய் தேடித் தோண்டியதையும், 2011 இல் மன்னார்க் கடலில் இயற்கை வாயு கண்டதையும் நானும் மறக்கவில்லை. அந்த வாயு இருப்பது ஆயிரம் மீற்றருக்கு மேல் ஆழமான கடலில். நான் நின்றது போன்ற ரிக்கின் கால் அங்கே எட்டாது. தம்பியின் கடனுக்கு அதை நம்பிக் காத்திருக்க ஏலாது.

கையெழுத்து வைப்பதற்கு முன் அவனை ஒரு வேலை நாளில் இங்கே அனுப்பு. ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் கொண்டுவரட்டும். தானாக விலகினால் திரும்பும் விமானச் சீட்டுக்கு யார் காசு கொடுப்பது என்று எழுதியிருக்கும் பக்கத்தை முதலில் பார்ப்போம். பிறகு பத்தரமுல்லையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்குப் போய், அந்த முகவரின் அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகுமா என்று இருவருமாக விசாரித்து வருவோம். இரவு இங்கேயே தங்கலாம், அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்